காலிக் குடம்

பன்விலயில் எங்கள் சமையலறைக் குழாயில் இரண்டு வாரமாகத் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அந்த ஞாயிறு காலை கணவர், "பூசைக்கு நேரமாச்சு, வா" என்றார்.

"நீங்க போங்க. நான் தண்ணி புடிக்கணும்."

குடம், சட்டியெல்லாம் நிரப்பிவிட்டு, கடைசி வாளியைக் குழாயடியில் வைத்துக் கதிரையில் சாய்ந்தேன். ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்தது. மாதா கோயில் மணி தண்ணீருக்குள் ஒலிப்பதுபோல் கேட்டது.

கால் நனைந்து விழித்தேன். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. தரையிலிருந்த அரிசி மூட்டை ஊறிப்போயிருந்தது. வெளியே நல்ல மழை.

நனைந்து வந்த கணவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஆண்டவரு இவ்வளவு குடுக்கிறாரு. ஏந்துறதுக்கு ஒரு சட்டி காலியா இல்லையே" என்றார்.

இப்போதெல்லாம் ஒரு குடத்தை வாசலில் காலியாக வைத்துவிட்டுத்தான் பூசைக்குப் போகிறேன்.