இரண்டு கிளவுஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு எய்ட்ஸ் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டதுமே வீட்டில் என் தட்டைத் தனியாக வைத்துவிட்டார்கள். விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுத்தவர் காதோரம் நரைத்த, ஒல்லியான மனிதர். ஒவ்வொரு கையிலும் இரண்டு கிளவுஸ் போட்டிருந்தார். ரத்தத்தைக் குழாயில் விட்டதும் ஊசியை மூடாமல் அப்படியே ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடிக்குள் போட்டார். வாய் கோணிய ஜாடி. நான் வேலை செய்த பீங்கான் கம்பெனியில் கழித்துப் போடுவோமே, அந்த ரகம்.

"மூடி போடலீங்களா சார்?"

"மூடி போடறப்பதாங்க கையில குத்திக்கும்."

பிறகு என் விரலை விலக்கிவிட்டு, முழங்கையில் இருந்த பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டார். என்னை யாரும் தொட்டு அன்றோடு இருபது நாள்.

"என்னத் தொட பயமா இல்லீங்களா?"

"பயத்துலதாங்க ரெண்டு போட்டிருக்கேன். போட்டப்புறம் புடிக்கிறதுக்கு என்ன?"

ரத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதை வாங்கப் போனபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். வீட்டில் என் தட்டு மற்ற தட்டுகளோடு சேர்ந்தது. எல்லோரும் தோளைத் தொட்டுப் பேசினார்கள். எனக்கோ பவுடர் வாசம் அடித்த அந்த ரப்பர் விரல்கள்மேல்தான் இன்னும் ஏக்கம். உள்ளே இருந்த கையை நான் பார்த்ததே இல்லை.