புலக்காட்சிக்கு ஒரு பெட்டி மெழுகுதிரி

சனிக்கிழமை காலை எட்டரை மணி, பதினேழு பேர், முன்வரிசை வாங்கில் றெஜினா. நல்லூரில் ஒரு ரியூட்டரியில் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு உளவியல் அறிமுகம் கற்பிக்கிறேன். மனம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக் கொடுப்பது சுலபமான தொழில். கேட்பவர்களுக்கும் மனம் இருப்பதுதான் தொல்லை. நீங்களும் எங்காவது கரும்பலகைக்கு முன்னால் நின்று சோக்குத்தூள் தின்றவர் என்றால் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இருபத்தாறு வருடம் நாளிதழில் செய்தி எழுதினேன். அந்தக் காலத்தில் வெளிவாரியாகப் படித்து வைத்த பட்டம் ஓய்வுக்குப் பிறகுதான் உதவுகிறது. றெஜினாவுக்கு நாற்பத்தெட்டு வயது. குருநகரில் ஒரு முன்பள்ளியில் பதினொரு வருடமாகப் படிப்பிக்கிறார். டிசம்பர் பரீட்சையில் சித்தியடைந்தால் வேலை நிரந்தரம். தவறினால் ஜனவரியில் அவருடைய கதிரையில் வேறொருவர். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

காட்சி

முதல் வகுப்பு முடியும்போது, "அடுத்த கிழமை புலக்காட்சி. நேரத்துக்கு வாங்கோ" என்றேன். கண்ணும் காதும் கொண்டுவருவதை மூளை அர்த்தப்படுத்திக்கொள்வதற்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர் அது. அடுத்த சனி றெஜினா தலையில் வெள்ளை முக்காடும் கையில் ஒரு பெட்டி மெழுகுதிரியுமாக வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் தெல்லிப்பழை சிவமலர். தோட்டம் செய்யும் குடும்பம், நெற்றி நிறைய விபூதி. எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் கைப்பையில் கற்பூரம் வைத்திருந்தார்.

இது மாதா வந்து தரும் காட்சி அல்ல என்று விளக்கினேன். எதிர்பார்ப்பதையே மூளை காண்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை என்றும் சொன்னேன். றெஜினா பெட்டியை மூடினார்.

"அப்ப ஒருத்தரும் வரமாட்டினமோ, சேர்?"

கிண்ணமும் முகமும்

உளவியல் படித்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் படம்தான். வெள்ளையைப் பார்த்தால் கிண்ணம், கறுப்பைப் பார்த்தால் எதிரெதிராக இரண்டு முகம். றெஜினாவுக்குக் கிண்ணம் மட்டும் தெரிந்தது. தேவாலயத்தில் பூசைக்கு வைப்பது என்று உறுதியாகச் சொன்னார். முகம் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். சிவமலரின் கை உயர்ந்தது.

"முகம் தெரியுது, சேர். ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிண்டும் கதைக்கினமில்லை. காணி வழக்காத்தான் இருக்கும்."

பாண் வண்டி

கற்றல் பாடம். மணி அடித்துவிட்டு நாய்க்குச் சாப்பாடு. சில நாள் போனால் மணி மட்டும் அடித்தாலும் நாய்க்கு வாய் ஊறும். பதினேழு முகத்திலும் நித்திரை. அந்த நேரம் வெளியே, பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்து விற்கும் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. ஏழெட்டுக் கைகள் காசெடுக்கக் கைப்பைக்குள் போயின. இருவர் எழுந்தே விட்டார்கள்.

ஆசிரியனுக்கு இப்படி ஒரு நிமிடம் ஆயுளில் ஒருமுறைதான் வாய்க்கும். "பாத்தியளே, பாணைக் காணேல்லை, பாட்டுக்கே கை போகுது. இப்ப விளங்குதோ?" என்றேன். றெஜினா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா விளங்குது, சேர். உங்கடை கையும் பொக்கற்றுக்கைதான் கிடக்கு."

பத்தொன்பது புள்ளி

ஒக்டோபரில் ஒரு பயிற்சிப் பரீட்சை வைத்தேன். "ஞாபகம்: வரைவிலக்கணம் தருக" என்பதற்குப் பாடநூலில் மூன்று வரி விடை உண்டு. றெஜினா எழுதியது, "மறக்காமல் இருப்பது." அதில் பிழை எதுவும் இல்லை, புள்ளித்திட்டத்தில் அதற்கு இடமும் இல்லை. நூற்றுக்குப் பத்தொன்பது. விடைத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அன்று அவர் பகிடி விடவில்லை.

"இதை எங்கடை பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, சேர். அதுகள் என்னை ரீச்சர் எண்டு நம்பிக்கொண்டிருக்குதுகள்."

சட்டை

அடுத்த சனி, ரியூட்டரிக் காவலாளி தவம் அண்ணையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். பாடத்தின் நடுவில் அவர் உள்ளே வந்து மேசையிலிருந்த வரவு இடாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். "இப்ப கண்டதை எழுதுங்கோ" என்றேன். சட்டை நீலம், பச்சை, கோடு போட்டது என்று பல நிறம் வந்தது. ஒருவர் தாடி வைத்தார். ஒருவர் கையில் கத்தி கொடுத்திருந்தார். "நேரில் கண்டவர்கள் தெரிவித்தனர்" என்று இருபத்தாறு வருடம் எழுதியவன் நான். அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை.

றெஜினாவின் தாளில் சட்டையே இல்லை. 'இடது கால் நோ. செருப்பு வார் அறுந்திருக்கு. காலைமை சாப்பிடேல்லை' என்று இருந்தது. தவம் அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்றும் சரி. சாப்பிடாதது எப்படித் தெரியும் என்றேன். அவருடைய கண் சிவமலரின் இடியப்பப் பார்சலில் நின்றதாம்.

"நாளுக்கு முப்பது பிள்ளையளை வாசலிலை நிண்டு எடுக்கிறனான், சேர். சட்டையை ஆர் பாக்கினம்?"

செபமாலை

டிசம்பர் பரீட்சை. மண்டபத்துக்கு வெளியே, வாசலடி வேம்பின் கீழ் நின்றேன். என்னை ஒருவரும் வரச்சொல்லவில்லை. முதலில் ஓடிவந்த சிவமலர்தான் செய்தி சொன்னார். பரீட்சை தொடங்கி ஐந்து நிமிடத்தில் மேற்பார்வையாளர் றெஜினாவின் கையிலிருந்த செபமாலையை வாங்கி வைத்துவிட்டார். மணி உருட்டி உருட்டி எழுதியது சந்தேகமாக இருந்ததாம்.

சந்தேகம் முழுப்பிழை அல்ல. செபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து தொகுதி மணிகள். புலக்காட்சி, கற்றல், ஞாபகம், சிந்தனை நான்குக்கும் நான்கு பத்து, மணிக்கொரு வரைவிலக்கணம். ஐந்தாவது பத்து, சித்தியடைய வேண்டுவதற்கு. இரண்டு மாதமாக அவர் இப்படித்தான் பாடமாக்கினார் என்று சிவமலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாபகத்துக்கு வழி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியன் நான்.

கடைசியாக றெஜினா வந்தார். செபமாலை கழுத்துக்குத் திரும்பியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"மணியைத்தானே வாங்கினவ, சேர், விரலை வாங்கேல்லையே. பத்து விரலிலையும் நாலுதரம் சுத்தி வந்தனான்."

ஜனவரி பன்னிரண்டாம் திகதி, திங்கட்கிழமை காலை, றெஜினா நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டார். அன்று மாலை பாண்காரரின் பாட்டுக் கேட்டதும், கற்றலைக் கற்பிக்கிற என்னுடைய கை மறுபடியும் பொக்கற்றுக்குள் போனது.