முதலில் ஓட்டியவன்

நேற்று என் மகன் போனில் ஒரு படம் காட்டினான். பெரிய கோப்பு ஒன்றைப் படித்து அகரவரிசையில் அடுக்க எந்தக் கம்ப்யூட்டர் மொழிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கலர் கலராகக் கோடு போட்டிருந்தார்கள். இதில் எதை முதலில் ஓட்டினார்கள் என்று கேட்டேன்.

"எதை முதல்ல ஓட்டுனா இன்னாப்பா?" என்றான்.

எரிச்சல் வந்தது. அதில்தான் என் வேலை போனது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கீழே டீக்கடை. மசால்வடை வாசனையிலேயே நிரல் எழுதியதால் எனக்கு இன்றைக்கும் கம்பைலரைப் பார்த்தால் பசிக்கும். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்டவர்களின் பெயர்களை ஊர்வாரியாக அடுக்கித் தருவதுதான் எங்களுக்கு வந்த பெரிய வேலை. நானும் சலீமும் செய்தோம். சலீம் என்னைவிட இளையவன், ஜவுளிக்கடைக்காரர் மகன். சீசன் முடிந்ததும் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வேன், யார் நிரல் வேகமோ அவர் இருக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் சி மொழியில் எழுதினேன், அவன் பைத்தானில். வேகத்தில் சி தோற்காது என்ற திமிர் எனக்கு.

அன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் சலீம் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

"அண்ணே, நீங்க இருக்கும்போது நான் ஓட்டுனா நல்லா இருக்காது. நீங்க ஓட்டுங்க."

அங்கே எல்லாமே அப்படித்தான். வடை வந்தாலும் வயதில் மூத்தவனுக்குத்தான் முதல் தட்டு.

ஓட்டினேன். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "இன்னாப்பா, உன் சி இன்னும் படிச்சிக்கினே கீது?" என்றார். அடுத்து அதே கோப்பை வைத்து சலீம் ஓட்டினான். சட்டென்று முடிந்துவிட்டது. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நான் கேட்கவில்லை. தோற்றவன் கேட்டால் அசிங்கம்.

பிறகு கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொழுது போகாமல் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் என் நிரலையே இரண்டு தடவை ஓட்டினேன். இரண்டாம் தடவை பறந்தது. முதலில் ஓட்டுபவன் கோப்பை டிஸ்க்கிலிருந்து இழுத்து வர வேண்டும். அது மெமரியில் தங்கிவிடும். பின்னால் வருபவனுக்கு நோகாத வேலை. மொழிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நேராக சலீமிடம் போய்ச் சொன்னேன். முகம் செத்துப்போனது. "மொதலாளிகிட்ட சொல்லிடட்டுமாண்ணே?" என்றான். சொன்னால் அந்த ஆள் அவனையும் அனுப்பிவிடுவார். "வாணாம், வேலையப் பாரு" என்று திட்டிவிட்டு இறங்கினேன்.

அந்த மாடியை இடித்துவிட்டார்கள். சலீம் துபாயில் இருக்கிறான். அந்தக் காலத்து டிஸ்க் ஓடினால் கரகரவென்று அறை முழுக்கக் கேட்கும். நான் ஓட்டியபோது கரகரத்தது. அவன் ஓட்டியபோது சத்தமே இல்லை. மூன்று பேரும் பக்கத்திலேயே நின்றும் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. இப்போதைய டிஸ்க்கில் அந்தச் சத்தமும் கிடையாது. இனி எவனாவது முதலில் ஓட்டித் தோற்றால், காது கொடுத்துக் கேட்கக்கூட ஒன்றும் இல்லை.