நகை வைக்காத நகைப்பெட்டி

போன செவ்வாக்கெழம ஒரு டிரெஸ்ஸிங் டேபிளுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிட்டு சிலுவை போட்டேன். சிரிக்காதீக... கடையில ஏற்கனவே எல்லாரும் சிரிச்சு முடிச்சிட்டாக.

நான் பழனிசெட்டிபட்டியில பழைய ஃபர்னிச்சர் கடையில வேலை பாக்குறது உங்களுக்குத் தெரியும். புதுசா வாசிக்கிறவுகளுக்குச் சொல்றேன் — கட்டிலு, மேசையை உப்புத்தாள் போட்டுத் தேச்சு பாலிஷ் அடிக்கிறது என் வேலை. எட்டாவதோட நின்னவ. பேசுற மாதிரிதான் எழுத வரும்.

அன்னைக்கு வேன்ல சாமான் வந்து எறங்குச்சு. மலை மேல ஒரு பங்களாவைக் காலி பண்ணினது. அதுல ஒரு டிரெஸ்ஸிங் டேபிள். நாலு காலும் நேரா, கீழ போகப் போகச் சிறுத்து, மேலருந்து கீழ வரைக்கும் வரி வரியாச் செதுக்கி... தூசியைத் தொடச்சேன். டிராயர் மேல முட்டை வட்டம். அதுக்குள்ள வேற நெறத்து மரத்தை வெட்டிப் பதிச்சு ஒரு பாத்திரம். ரெண்டு பக்கமும் துணி தொங்குது.

கை அப்படியே நின்னு போச்சு. ஏன்னா, இதே படம் எங்க வீட்டுல இருக்கு. அம்மாவோட நகைப்பெட்டி மூடியில.

அம்மா போயி நாலு மாசம் ஆகுது. அதான் நடுவுல இந்தப் பக்கம் நான் எழுதல. எழுத உக்காந்தா எல்லாம் அம்மாவாத்தான் வந்துச்சு. இன்னைக்கும் அப்படித்தான் வருது, விடுங்க.

கல்யாணத்துக்கு முந்தி அம்மா மேகமலைப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவுல சமையக்கட்டு வேலை பாத்துச்சு. அங்கன இருந்த வீட்டுக்காரம்மா கல்யாணத்துக்குக் குடுத்த பெட்டி அது. நாங்க பரம்பரையா வேதக்காரக. மூடியைப் பாத்ததும் அம்மா முடிவு பண்ணிருச்சு — இது பூசையில ஃபாதர் திராட்சை ரசம் ஊத்தித் தூக்கிக் காட்டுற ரசக்கிண்ணம். மேல இருக்கது கிண்ணத்தை மூடுற துணி. வேற என்னவா இருக்கும்?

அவ்வளவுதான். நகைப்பெட்டியில நகை வைக்கத் தடை!

"ரசக்கிண்ணத்துக்கு அடியில கம்மலையா வைப்பாக? பாவம்டி!"

ஜெபமாலை, குருத்தோலைத் துண்டு, என் ஞானஸ்நானச் சீட்டு. இதுதான் உள்ள. நகை பூராவும் சத்துமாவு டப்பாவுல. சின்னப்புள்ளையில ஒருக்கா ஸ்டிக்கர் பொட்டு அட்டையை அந்தப் பெட்டியில வச்சேன்... வேணாம், அந்த அடியைப் பத்திப் பேச வேணாம்.

இப்ப விசயத்துக்கு வாறேன். அடக்கத்தன்னைக்கு அம்மா காதுலருந்து கழட்டின கம்மலை அப்பா கைக்குட்டையில முடிஞ்சு சட்டைப் பையில போட்டாக. போட்டதுதான். நாலு மாசமா எறக்கி வைக்கல. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துல வேலை. பந்தலுக்கு அடியில குனிஞ்சு நிமிர்ற வேலை. அதுக்கும் அந்த முடிச்சோடதான் போறாக. எங்கனயாச்சும் விழுந்துட்டா? அந்த மனுசன் தாங்குவாகளா?

"டப்பாவுல வச்சிரவாப்பா?"ன்னு கேட்டேன்.

"மாவு டப்பாவுலயா உங்கம்மாவைப் போடச் சொல்ற?"

"அப்பப் பெட்டியில வைப்போம்."

"அதுல வைக்கக் கூடாதுன்னு அவ சொல்லிருக்கால்ல."

டப்பாவும் வேணாம், பெட்டியும் வேணாம். தெனமும் சாயங்காலம் அப்பா வந்ததும் மொகத்தைப் பாக்குறதுக்கு முந்தி சட்டைப் பையைத்தான் பாக்குறேன்.

சரி, கடைக்கு வருவோம். எங்க ஓனர் அண்ணே நல்ல மனுசன். நக்கல் மட்டும் கொஞ்சம் கூட.

"ஏத்தா, கண்ணாடி மேசைக்கு எதுக்குச் சிலுவை போடுற? பேய் கீய் வந்து எறங்கிருச்சா?"

ரசக்கிண்ணம்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாக.

"இது நியோ கிளாசிக்கல்த்தா. வாயில நுழையலேன்னா ஜாடி டிசைன்னு வச்சுக்க. முந்தியெல்லாம் வெள்ளைக்காரக காலை வளைச்சு, நெளிச்சு, கொடி, சிப்பின்னு ஒரே ஆடம்பரமாச் செஞ்சாக. அப்புறம் மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடந்த ரோமாபுரி காலத்து ஊரைத் தோண்டினாக. அங்கன கெடச்ச தூணு, பூச்சரம், ஜாடி... இதையெல்லாம் பாத்து, 'அட, இதுல்ல அழகு'ன்னு நேர்கோட்டுக்கு வந்துட்டாக. இந்தக் கால் வரி இருக்குல்ல? கோயில் தூணைப் பாத்துச் செஞ்சது."

"அந்த ஜாடியில என்னண்ணே வைப்பாக?"

சிரிப்பு நின்னுச்சு. "டீ குடிச்சியாத்தா?"ன்னாக.

"அண்ணே..."

"செத்தவுக சாம்பலுத்தா. அந்த ஊர்ல அப்ப எரிச்சு ஜாடியில வைப்பாக. மேல துணி போட்டா துக்கம்னு அர்த்தமாம். பின்னால வந்தவுக சும்மா அழகுக்குப் போட்டுக்கிட்டாக. நீ மனசுல வச்சுக்காத, என்ன?"

வச்சுக்காம? வீட்டுக்குத் திரும்புற கம்பம் பஸ்ஸுல சின்னமனூர் தாண்டுற வரைக்கும் சிரிப்பா வந்துச்சு. இம்புட்டு வருசமா அம்மா ஒரு சாம்பல் ஜாடிக்கு முத்தம் குடுத்திருக்கு! அப்புறம் அழுகை வந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரம்மா தண்ணி பாட்டிலை நீட்டுனாக.

யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் சாம்பல் வைக்கச் செஞ்சான். இன்னொருத்தன் பவுடர் பூசுற மேசையில ஒட்டினான். எங்கம்மா கும்பிட்டுச்சு. இதுல ஆரு தப்பு? ஒரு பொருள் வீடு மாறினா அர்த்தமும் மாறித்தானே போகுது...

அப்பாகிட்டச் சொல்லணுமா? சொன்னா, அம்மா ஏமாந்து போச்சுன்னு ஆகும். சொல்லாட்டி, கம்மல் என்னைக்காச்சும் திராட்சைக் கொடிக்கு அடியில போயிரும்.

சொல்லிட்டேன்.

அப்பா கால் கழுவிக்கிட்டு இருந்தாக. சொம்பைக் கீழ வச்சாக.

"சாம்பல் ஜாடியா?"

"ஆமாப்பா."

"துணி துக்கத்துக்கா?"

"அப்படித்தான் சொன்னாக."

சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாக. பெட்டியை எறக்கினாக. மூடியில அந்தத் துணியை மட்டும் வெரலால தடவினாக.

"அப்ப நம்மள மாதிரி ஆளுக்குத்தான்த்தா செஞ்சிருக்கான்."

கைக்குட்டை முடிச்சு நாலு மாச வேர்வையில எறுகிக் கெடந்துச்சு. நகத்துக்கு வரல. பல்லால அவுத்தாக. ரெண்டு கம்மலையும் ஜெபமாலை பக்கத்துல, காதுல போட்டுருக்க மாதிரியே தள்ளித் தள்ளி வச்சாக. மூடுனாக.

அப்புறம் பயந்த மாதிரி என்னையப் பாத்து, "மேல போனதும் உங்கம்மா கேட்டா, நீதான் வைக்கச் சொன்னேன்னு சொல்லிருவேன், ஆமா"ன்னாக.

சொல்லட்டும். திட்டுறதுக்காகவாச்சும் அம்மா எங்கிட்டப் பேசுமுல்ல.