அண்ணி அனுப்பிய நோயாளிகள்

அண்ணனின் வேட்டியை அண்ணி கிணற்றடியில் விரித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்ற காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் கார்கானா வேலைக்குப் போகிறவன் வீட்டில் வெள்ளை வேட்டி என்று ஒன்று கிடையாது. ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியில் இடுப்பளவு இறங்கித் தோல் புரட்டுகிறவர்கள் நாங்கள். எத்தனை அடித்துத் துவைத்தாலும் துணியில் ஒரு செம்பழுப்பு தங்கிவிடும். அதனால் அண்ணன் வேட்டியின் பின்பக்கத்துக் கறையை அண்ணி பல மாதம் பட்டைத் தண்ணீர் என்றே நினைத்துத் துவைத்திருக்கிறாள். அந்த முறை ரம்ஜான் விடுமுறை. கார்கானா மூடிக் கிடந்தது. யாரும் தொட்டியில் இறங்கவில்லை. ஆனாலும் வேட்டியில் கறை இருந்தது. அவள் கேட்ட பிறகுதான், மலம் போகும்போது ரத்தம் வருகிறது என்று அண்ணன் வாயைத் திறந்தான். அதுவரை கூச்சம் அவன் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

கார்கானா முதலாளிகள் சேர்ந்து எங்களுக்காக ஒரு டாக்டரை வைத்திருந்தார்கள். அவர் எங்களைத் தொடமாட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், வாசலுக்கு வெளியே நாங்கள். நாக்கை நீட்டச் சொல்லி, அதையும் தூரத்திலிருந்தே பார்ப்பார். அண்ணன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் மூலம் என்று சொல்லிவிட்டார். ஒரு களிம்பு, ஒரு பேதி மருந்து, காரத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு புத்திமதி. அடுத்தடுத்துப் போனபோதும் அதே களிம்புதான். அண்ணன் இளைத்துக்கொண்டே வந்தான். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதித் தரும்படி அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மூலத்துக்கெல்லாம் சீட்டு குடுத்தா அங்க இருக்கறவன் என்னப் பாத்து சிரிப்பான். நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார் அவர்.

சீட்டு இல்லாமல் போனால் வாசலிலேயே விரட்டிவிடுவார்கள் என்று நாங்கள் நம்பினோம். அந்த நம்பிக்கையிலேயே வெயில் காலம் முழுவதும் போயிற்று. அண்ணனால் எழுந்து நடக்க முடியாமல் போன பிறகுதான், நடப்பது நடக்கட்டும் என்று காட்பாடிக்கு ரயிலேற்றி, அங்கிருந்து ஜட்கா வண்டியில் கொண்டுபோனோம். வாசலில் யாரும் எங்களிடம் சீட்டுக் கேட்கவில்லை.

அங்கே குடல் வியாதிகளுக்கென்றே இருந்த டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு விரலை விட்டுப் பார்த்தார். கட்டி விரலுக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது. ஒருவர் தொட்டுப் பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். அவர் அண்ணியை வெளியே அழைத்துச் சொன்னார்: "முன்னாடியே வந்திருந்தா எடுத்திருக்கலாம்மா. இனிமே உங்க ஊர்ல யாருக்கு இப்படி ரத்தம் போனாலும் மூலம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. வெள்ளிக்கிழமையில இதுக்குன்னே உக்காந்து பாக்கறேன். அனுப்பி வையுங்க."

மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டான். அண்ணி அதிகம் அழவில்லை. பட்டை இடிக்கும் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, சாப்பாட்டு வேளையில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள். "இன்னாப்பா, உங்கள்ல யாருக்காவது வெளிக்கிப் போறப்ப ரத்தம் போவுதா? வெக்கப்பட்டு செத்துப் போவாதீங்க" என்றாள். பாதிப் பேர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினார்கள். ஓடியவர்களில் சிலர் சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்பக்கமாக வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் கார்கானாக்களுக்கு விடுமுறை. லீவு கேட்க வேண்டியதில்லை, சீட்டும் வேண்டியதில்லை. வாரந்தோறும் அண்ணி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவாள். குறுக்கு வழி இருந்தும் கார்கானா டாக்டர் வீட்டுத் தெரு வழியாகத்தான் நடத்திக் கூட்டிப்போவாள். போனவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வெறும் மூலம்தான். சிலருக்கு மட்டும் அண்ணனுக்கு வந்த கட்டி. அப்படி ஒருவன் பிழைத்து வந்து மறுபடி தொட்டியில் இறங்கிய அன்று, டாக்டர் வீட்டெதிரே நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாள். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஆனால் அவரிடம் வைத்தியத்துக்குப் போகிற கூட்டம் கரைந்துவிட்டது. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

சில வருஷம் கழித்து ஒரு நாள் அவரே எங்கள் வாசலில் வந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்த வேலூர் டாக்டர்கிட்ட நான் ஒருத்தரக்கூட அனுப்புனதில்ல. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தனியாப் போவேன்? நீங்க ஒரு நாள் தனியா கூட்டிப்போனா நல்லாயிருக்கும்மா" என்றார்.

அவரை விரட்டிவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அண்ணி முந்திக்கொண்டாள். "தனியால்லாம் இல்லீங்க. வெள்ளிக்கிழமை வாங்க, எங்காளுங்களோட."

வந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு தொட்டி ஆட்களுக்கு நடுவே அண்ணி அவரை உட்காரவைத்தாள். இடம் போதவில்லை. தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது. அவருடைய முறை வந்தபோது உள்ளே அவருக்கும் அதே பரிசோதனைதான் நடந்தது. கட்டி சின்னதாக இருந்தது. வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

இன்று யாரும் சீட்டுக்காகக் காத்திருப்பதில்லை. காட்பாடி ரயிலில் எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பற்றிச் சத்தமாகவே பேசிக்கொண்டு போகிறார்கள். டாக்டரோ அன்று உடம்பு தேறியதும் தட்டு நிறையப் பழத்தோடு நன்றி சொல்ல வந்தார். அண்ணி தட்டைத் தொடவில்லை.

"அண்ணி, இந்த ஆளை அப்படியே உட்டிருக்கலாம்" என்றேன் நான், அவர் காதில் விழும்படியே.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தே சொன்னாள்: "செத்துட்டா அன்னியோட முடிஞ்சிடும். நீங்க இருக்கணும் அய்யா. ரொம்ப நாள் இருக்கணும். தெனம் காலைல வெளிக்கிப் போறப்ப எம் புருஷன் ஞாபகம் உங்களுக்கு வரணும்."

அவர் ரொம்ப நாள் இருந்தார்.