வேப்பிலைக் காவல்

எல்லையில் காவல் நிற்கும் என் தம்பி, கொரோனா காலத்தில் தன் முதல் குழந்தையைப் பார்க்க எங்கள் ஊர் இண்டூருக்கு விடுப்பில் வந்தான். ரயிலில் பக்கத்து ஆள் வழியெல்லாம் இருமினாராம். வீட்டுப் படி ஏறாமல் நேராக எங்கள் வயல்காட்டில் கிணற்றடியில் இருந்த மோட்டார் கொட்டாயில் போய்த் தங்கிக்கொண்டான். வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவனுக்குப் பயம்.

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டை வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கேட்டேன். "ஏன்டா, டிவியில நோயக்கூட நாட்டுக்கு ஆபத்துங்கறாங்க. காய்ச்சலுக்கும் பட்டாளத்துக்கும் என்னடா சம்பந்தம்?"

"ஒருத்தனுக்கு வந்தா முகாமே படுத்துரும் அக்கா. அப்புறம் எல்லையில யாரு நிப்பா? எதிரி சுடவே வேணாம்."

அவனுக்குப் புரிந்தது ஊருக்குப் புரியவில்லை. கொட்டாய்க்குப் போகும் பாதை முனையில் போலீஸ் கட்டிய மூங்கில் தடுப்பைக் குனிந்து தாண்டி, வராதீங்க என்று அவன் கத்தக் கத்த ஆட்கள் வந்தார்கள். "நாட்டக் காக்குற புள்ளய பாக்காம போனா எப்பிடிங்க?" என்றார் எங்கள் மாமா. பார்த்த கையோடு வீட்டுக்கும் வந்து குழந்தையைக் கொஞ்சப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி மனைவி மறுநாள் காலையில் அந்த மூங்கிலிலும் வீட்டு வாசலிலும் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டாள், அம்மை கண்ட வீட்டில் செய்வதுபோல. மாமா வந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார். அதற்கப்புறம் ஈ காக்கை வரவில்லை. போலீஸ் தடுப்புக்கு இல்லாத அதிகாரம் ஒரு கொத்து இலைக்கு எப்படி வந்தது? பயமா, மரியாதையா? இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பரிசோதனையில் தம்பிக்கு நோய் இருப்பது உறுதியானது. மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். தீர்த்தமலைக் கோயில் வரைக்கும் நான் வேண்டாத சாமியில்லை.

பிழைத்து வந்தவனுக்கு, அம்மை இறங்கியவர்களுக்கு ஊற்றுவதுபோல வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றிய பிறகுதான் அவன் மனைவி குழந்தையைக் கையில் கொடுத்தாள். புது ஆளைக் கண்டதும் குழந்தை வீறிட்டது. நான் பதறிப்போய் வாங்கப் போனேன். அவன் கொடுக்கவில்லை.

"அழுவட்டும் அக்கா. மூச்சு நல்லா இருக்குது."