சிங்காரம் தட்டிப் பார்க்காத கோல்

மருந்தடிக்கிற சிங்காரம் என்றால்தான் எங்கள் தோட்டத்தில் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் முதுகில் பம்பைச் சுமந்து தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கியவர். மழை பெய்த மறுநாள் மலைக்குப் போகிறவர்கள் ஓரத்துப் புதரில் ஆளுக்கொரு கோல் வெட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் வெட்டியதும் ஊன்றி இறங்கிவிடுவார்கள். சிங்காரம் மட்டும் கல்லில் இரண்டு தட்டு தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பார். வெளியே பச்சையாக இருக்கும், உள்ளே பூச்சி தின்று முடித்திருக்கும். பாரம் ஏறிய பிறகு அது தெரிந்து என்ன செய்ய என்பார். அவர் ஒரு நாளும் விழுந்ததில்லை.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவருடையது கடைசி வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பதினாலாம் நம்பர் மலை முழுதாகத் தெரியும். மனைவி இறந்தபின் மகள் யுவனேஸ்வரி அந்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் படித்தாள். அடுப்பில் சோறு கொதிக்கும், அவள் புத்தகத்துக்கும் மலைக்கும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பனி விலகும்போது முதலில் மலையின் உச்சியில் இருக்கும் ஒற்றை மரம் வரும், பிறகுதான் தேயிலை வரும். அதை அவள் எனக்கு ஒருமுறை காட்டியிருக்கிறாள்.

தோட்டத்து வீடு வேலை இருக்கிறவரைக்கும்தான். அறுபது வயதாகி வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் வேறொருவர் தோட்டத்தில் வேலை செய்தால் வீடு தங்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, ஒரு தேர்தலுக்கு முந்தின மாதம், ஒய்.பி. ஒருவர் கோயில் மண்டபத்துக்கு வந்தார். சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் சொல்வோம். வேலை முடியப்போகிறவர்களுக்கு வீட்டு மனை கிடைக்கும் என்று பேசினார், தம் முத்திரை போட்ட ஆதரவுக் கடிதம் ஆளுக்கொன்று கொடுத்தார். சிங்காரம் அதைப் பிரிஞ்சாங் டவுனுக்குக் கொண்டுபோய் பிளாஸ்டிக் உறை ஒட்டி வந்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் படத்துக்கு வைக்கிற சந்தனத்தில் ஒரு பொட்டு கடிதத்துக்கும் விழுந்தது.

யுவனேஸ்வரி அதை மலாயில் படித்துவிட்டு, "இதுல 'மனைத் திட்டம் இருந்தா கவனிக்கவும்'னுதான் போட்டிருக்குப்பா" என்றாள்.

"பெரிய மனுசங்க அப்படித்தாம்மா எழுதுவாங்க" என்றார் அவர்.

அந்த வருஷக் கடைசியில் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை ஒன்று காலியானது. பெரிய கிராணி மகேன், தானாக நடந்து லயத்துக்கு வந்தார். அவருக்கும் சிங்காரத்துக்கும் ஆகாது. மழைநாளில் கால்மணி பிந்தியதற்கு அரைநாள் சம்பளத்தை வெட்டிய மனிதர் மகேன்.

"புள்ளய ஆபீசுல போடுங்கண்ணே. வூடு தங்கும்" என்றார்.

சிங்காரம் சுவரைக் காட்டினார்.

மகேன் சிரித்துவிட்டார். "அந்தக் கடுதாசியவா நம்பிக் கெடக்குறீங்க? அடுத்த தடவ எந்தக் கட்சியில இருப்பாருன்னு அவருக்கே தெரியாது லா."

அந்தச் சிரிப்புக்காகவே சிங்காரம் வேண்டாம் என்றார். யுவனேஸ்வரிக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. மனை வந்ததும் வீடு எழுப்பக் காசு வேண்டும் என்று அப்பா சொன்னதால் சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். புறப்பட்ட காலையில் பனி விலகவில்லை. மரம் தெரியும்வரை நிற்கலாமா என்று கேட்டாள். பஸ் நிற்காது என்றார் அவர்.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் அவள் முதலில் கேட்பது, "மலை தெரியுதாப்பா?" ஜன்னலடியில் நின்று அவர் பார்த்துச் சொல்வார். இன்று கவாத்து வெட்டுகிறார்கள், இன்று பனி, இன்று மரம் மட்டும் தெரிகிறது. வீடு கட்டியதும் வந்துவிடுவேன் என்று சொல்லி அவள் போனை வைப்பாள்.

வேலை முடிகிற மாதம் சிங்காரம் கடிதத்தை ஆணியிலிருந்து கழற்றி, நில அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த மலாய்ப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். பெரியவர்களை அழைக்கிற முறையில் பக்சிக் என்று கூப்பிட்டு, இது ஆதரவுக் கடிதம், விண்ணப்பம் எங்கே என்று கேட்டார். விண்ணப்பம் என்று ஒன்று உண்டு என்பதே இவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மனைத் திட்டம் எதுவும் இல்லை என்றும் அந்தப் பெண் சொன்னார். அந்த ஒய்.பி. போன தேர்தலில் நிற்கவே இல்லை.

திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வீட்டு நவமணி காப்பி கொண்டுவந்தார். தேயிலை பிரிக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். எங்கள் லயத்தில் அவர் ஒருவர்தான் வேதக்காரர்.

"எங்க வேதத்துல ஒரு ராஜா இருந்தாருண்ணே. பெரிய படை ஊர வளைச்சுக்கிச்சு. எகிப்து குதிரையோட வந்து காப்பாத்தும்னு இருந்தாங்க. அது ஒடிஞ்ச நாணல் கோலு, சாயுறவன் கையிலதான் குத்தும்னு ஒருத்தன் கத்துனான்."

"சாமியா சொன்னிச்சு?"

"இல்லண்ணே. எதிரிப் படைத்தலைவன். கேலி பண்ணத்தான் சொன்னான்."

தீர்க்கதரிசி முன்பே அதைத்தான் சொல்லியிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் நவமணி சொன்னார். எதிரி அதையே எடுத்து, உங்கள் கடவுளையும் நம்பாதீர்கள் என்று மிரட்டப் பார்த்தான். கோல் விஷயத்தில் மட்டும் அவன் வாயிலிருந்து வந்தது உண்மை.

சிங்காரம் காப்பியைப் படியில் வைத்தார். பிறகு, "மகேன் சிரிச்சான். அதான் எனக்குக் காது அடைச்சிப் போச்சு" என்றார். "ஒவ்வொரு கோலையும் தட்டிப் பாத்தவன் நானு. இத மட்டும் சாமிகிட்ட மாட்டி வச்சிட்டேன்."

"அதுக்காக மனசு விட்டுறாதீங்கண்ணே."

"எங் கையில குத்துனா தாங்கிக்குவேன் நவமணி. புள்ள கையிலல்ல குத்திருச்சு."

சாமான் ஏற்ற லோரி அனுப்பியது மகேன்தான். கூட வந்து அலமாரிக்குக் கை கொடுத்தார். போகும்போது சிங்காரம் அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். முருகன் படம் மடியில் இருந்தது. கடிதத்தைத் திரும்ப ஆணியில் மாட்டிச் சுவரிலேயே விட்டிருந்தார்.

இப்போது கோலா தெர்லா டவுனில், காய்கறி மொத்தக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார். மின்விசிறி மாட்டித் தருவதற்காக நான் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. போன் அடித்தது.

"மலை தெரியுதாப்பா?"

ஜன்னலைத் திறந்தார். வீடு மாறியதைச் சொல்லாமல் ஒரு மாதமாக அவளிடம் பனி என்றே சொல்லிவந்திருக்கிறார்.

"தெரியலம்மா. வீட்ட விட்டுட்டேன். மனையும் இல்ல. நீ படிச்சிச் சொன்னதுதான் சரி."

அவள் குரல் தணிந்து கேட்டது.

"அங்க என்னப்பா தெரியுது?"

"லோரி நிக்குது. கோஸ் ஏத்துறானுங்க."

"எங்க போவுது?"

எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

"சிங்கப்பூருக்காம். நாளைக்குக் காலையில அங்க இருக்குமாம்."

லோரி புறப்பட்டு வளைவில் திரும்பும்வரை இருவரும் போனை வைக்கவில்லை.